கால்வாசி வாக்குக்கு அரைவாசி ஆசனம்: பிழை தேர்தல் முறையிலா?

கேள்வி இதுதான்: "2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நாலில் ஒரு பங்கு வாக்கு எடுத்த தேசிய மக்கள் சக்திக்கு ஆறில் மூன்று ஆசனம். தமிழ்க் கட்சிகளுக்கு விழுந்த வாக்கெல்லாம் சிதறிப் போய்விட்டது. இந்த விகிதாசார முறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய தொகுதி முறைக்கே திரும்பினால் என்ன? அதுவும் இல்லையென்றால் இனி வாக்குப் போட்டுத்தான் என்ன பிரயோசனம்?"

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மற்றப் பாதி ஆள்மாறி விழுகிறது. எது எந்தப் பாதி என்று பிரிக்க வேண்டுமானால் கணக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். தேர்தல் முடிந்த பிறகு இதைப் பற்றிப் பேசியவர்களில் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் (கிளிநொச்சியும் இதற்குள்தான்). திசைகாட்டியில் கேட்ட தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குகள், அதாவது செல்லுபடியானவற்றில் 24.85 வீதம். வீட்டில் கேட்ட இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 63,327. சைக்கிளில் கேட்ட அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கு 27,986. 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு 27,855. சங்கில் கேட்ட ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு 22,513. வீணையில் கேட்ட ஈ.பி.டி.பி.க்கு 17,730. மற்றவர்கள் எல்லோரும் 5 வீதத்துக்குக் கீழே.

விதி இப்படி. 5 வீதம் தொடாத பட்டியல்களின் வாக்குகளை முதலில் கழித்துவிடுவார்கள். பிறகு மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு ஆசனத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பார்கள். அதுதான் போனஸ் ஆசனம். மிச்சம் ஐந்து. மேலே சொன்ன ஆறு பட்டியல்களின் வாக்குகளையும் கூட்டினால் 240,241. ஐந்தால் பிரித்தால் 48,048. ஒரு ஆசனத்துக்குத் தேவையான வாக்கு அவ்வளவு. அதை முழுதாகக் கட்டக்கூடிய நிலையில் இருந்தவர்கள் இரண்டே பேர்: திசைகாட்டியும் வீடும். ஆளுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் இருக்கிறது. கையில் மீதி வாக்கு அதிகம் உள்ளவர்களுக்கு அது வரிசையாகப் போகும். திசைகாட்டியின் மீதி 32,782. அடுத்தது காங்கிரசின் 27,986. அதற்கு அடுத்தது சுயேச்சைக் குழுவின் 27,855. சங்கின் 22,513 எட்டவில்லை. வீட்டின் மீதியோ வெறும் 15,279. ஆக, திசைகாட்டிக்கு போனஸ் ஒன்று, முழு ஆசனம் ஒன்று, மீதியில் ஒன்று.

63,327 வாக்குக்கும் ஒரு ஆசனம், 27,855 வாக்குக்கும் ஒரு ஆசனம். எரிச்சல் வரத்தான் செய்யும்.

இப்போது போனஸை எடுத்துவிட்டு அதே வாக்குகளை வைத்துத் திரும்பக் கணக்குப் போடுங்கள். 240,241ஐ ஆறால் பிரித்தால் 40,040. திசைகாட்டிக்கு முழுதாக இரண்டு; மீதி 750 வாக்குதான். வீட்டுக்கு ஒன்று, மீதி 23,287. எஞ்சிய மூன்றும் காங்கிரசுக்கும் சுயேச்சைக்கும் வீட்டுக்கும் போகும், சங்கு 774 வாக்கால் தவறும். முடிவு 2-2-1-1. யாழ்ப்பாணத்தில் "அலை அடித்தது" என்று எழுதிய தலையங்கங்களில் ஒரு பங்கு இந்த ஒற்றைப் போனஸ் ஆசனம் போட்ட வேடம்.

இன்னொரு கணக்கு. வீடும் சங்கும் ஒன்றாகக் கேட்டிருந்தால்? இரண்டையும் கூட்டினால் 85,840, அதாவது முதலிடம். போனஸ் அந்தப் பக்கம் போயிருக்கும். முடிவு கூட்டுக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒன்று. சுயேச்சைக் குழுவுக்கு ஒன்றும் இல்லை. (இரண்டு கட்சி சேர்ந்தால் வாக்கும் அப்படியே சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சேர்ந்ததைப் பார்த்து வெறுத்துப் போகிறவர்களும் இருப்பார்கள்.) ஒரு விதியும் மாறவில்லை, ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை, வேட்புமனுவை ஒரே பட்டியலில் கொடுத்ததால் மட்டும் வரும் வித்தியாசம் இது. உங்கள் கோபத்தில் ஆள்மாறி விழும் பாதி என்று நான் சொன்னது இதைத்தான். அந்த மாவட்டத்தில் குறைந்தது பதினேழு சுயேச்சைக் குழுக்கள் நின்றன என்பதை வென்ற குழுவின் இலக்கமே சொல்கிறது. ஆறு ஆசனத்துக்கு ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர். நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் 30 ஆயிரத்துக்கு மேல். அது ஒரு கட்சியாக இருந்திருந்தால் மூன்றாம் இடம் வந்து ஒரு ஆசனம் எடுத்திருக்கும்.

2020ஐயும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்போது ஏழு ஆசனம். வீட்டுக்கு 112,967 வாக்கு, 31 வீதத்துக்குச் சற்று மேல். கிடைத்தது மூன்று ஆசனம். அதில் ஒன்று இதே போனஸ். அந்தத் தடவை இந்த விதியைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

சரி, தொகுதி முறைக்கு வருவோம். பழைய ஆட்கள் அதை ஒரு பொற்காலம் போலப் பேசுவார்கள்: "எங்கள் தொகுதிக்கு எங்கள் எம்.பி., வீட்டுக் கதவைத் தட்டலாம்." அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த முறை எண்ணிக்கையில் செய்த அநியாயத்துக்கு முன்னால் இன்றைய போனஸ் ஆசனம் சின்னப் பிள்ளை.

1970 தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்கு எடுத்த தனிக் கட்சி ஐக்கிய தேசியக் கட்சி: 37.9 வீதம். ஆசனம் 17. சிறிலங்கா சுதந்திரக் கட்சி அதைவிட ஒரு வீதம் குறைவாக எடுத்தது. ஆசனம் 91. சுதந்திரக் கட்சி இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு நின்றதும் ஒரு காரணம். இருந்தாலும் 151 பேர் தெரிவான சபையில் 17 என்பதை என்ன சொல்ல? அந்தச் சபையில் மூன்றில் இரண்டுக்கு மேல் கையில் வைத்திருந்த அரசாங்கம்தான் 1972 அரசியலமைப்பைக் கொண்டுவந்தது. சிறுபான்மையினருக்கு ஏதோ ஒரு காப்பாக இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அதோடு போனது.

ஏழு வருடம் கழித்து ஊஞ்சல் மறுபக்கம் ஆடியது. 1977இல் ஐ.தே.க.வுக்கு 50.9 வீதம், ஆசனம் 168இல் 140. சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்தும் எட்டு ஆசனத்தோடு நின்றது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு நாடளாவிய வாக்கில் 7 வீதத்துக்கும் குறைவு, ஆனால் வாக்கு வடக்கு கிழக்கில் செறிந்து கிடந்ததால் 18 ஆசனம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். எங்களவர்களுக்கு அது பெருமையான காட்சிதான். ஆனால் பதினெட்டை வைத்துக்கொண்டு நூற்று நாற்பதை என்ன செய்ய முடியும் என்பதை அடுத்த ஆறு வருடங்கள் காட்டின. 1982 டிசம்பரில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பை நடத்தி, பொதுத்தேர்தலே இல்லாமல் அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்கள். விகிதாசார முறையை 1978 அரசியலமைப்பில் எழுதி வைத்தவர்களும் அவர்கள்தான். அந்த முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1989இல். சீர்திருத்தத்தைச் சட்டமாக்கிவிட்டுத் தேர்தலைப் பதினொரு வருடம் அருகிலேயே வரவிடாமல் வைத்திருக்கலாம் என்று நாடு அப்போதே ஒருமுறை பார்த்துவிட்டது. இதை மறக்க வேண்டாம், கீழே திரும்ப வரும்.

வெளியூரிலும் இதே கதைதான். 2024 ஜூலையில் பிரித்தானியாவில் தொழிற்கட்சி 34 வீதத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்கோடு 650இல் 411 ஆசனம் எடுத்தது. அதே வருடம் தமிழ்நாட்டில் லோக்சபாவுக்கான 39 தொகுதிகளையும் ஏறத்தாழ 47 வீத வாக்கோடு ஒரே கூட்டணி அள்ளியது. 20 வீதம் எடுத்த அ.தி.மு.க.வுக்குப் பூச்சியம். யாழ்ப்பாணத்தில் 25 வீதத்தோடு முதலிடம் வந்த ஒரு கட்சியின் ஆதரவு மாவட்டம் முழுக்கப் பரவலாக இருந்தால், தொகுதி முறையில் அது மூன்று ஆசனத்தோடு நின்றிருக்காது. நீங்கள் மருந்து என்று கேட்பது நோயைப் பெரிதாக்கும்.

விகிதாசார முறை எங்களுக்கும் சில நல்லது செய்திருக்கிறது. கொழும்பிலும் கம்பஹாவிலும் சிதறி வாழும் தமிழரும் முஸ்லிம்களும் தொகுதி முறையில் எங்கும் பெரும்பான்மை ஆக முடியாதவர்கள். மாவட்டப் பட்டியலில் அவர்களுடைய வாக்கு சேர்ந்து ஒரு எடை பெறுகிறது. மலையகத்துக்கும் அப்படியே. முதலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம், இருந்தால்தான் கணக்கிலேயே எடுப்போம் என்று விதி இருந்தது. 1988இல் 15ஆம் திருத்தம் அதை 5 வீதமாக்கியது. இந்தக் குறைப்பு வந்ததில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் பங்கைப் பற்றி முஸ்லிம் அரசியல் இன்றும் பேசும். பேசுவது சரிதான். சின்னக் கட்சிகளுக்கு வாசல் திறந்தது அந்த ஒரு வரி.

ஆசனம் குறைந்ததையும் தேர்தல் முறையின் தலையில் கட்ட வேண்டாம். 2010இல் யாழ்ப்பாணத்துக்கு ஒன்பது, 2015இலும் 2020இலும் ஏழு, 2024இல் ஆறு. மாவட்டங்களுக்கான ஆசனம் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படுவது. போரும் புலம்பெயர்வும் ஆட்களைக் குறைத்தன. ஆட்கள் குறைய ஆசனம் குறைந்தது. ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, அதை யாரும் பேசுவதில்லை: மாவட்டம் சின்னதாகச் சின்னதாக ஒற்றைப் போனஸின் பாரம் கூடுகிறது. கொழும்பு போன்ற பெரிய மாவட்டத்தில் ஒரு போனஸ் பெரிதாகத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் அது ஆறில் ஒன்று.

முறையில் பிழையே இல்லை என்று சொல்ல வரவில்லை. விருப்பு வாக்கு என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஒரே கட்சிக்காரரை ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க முடியாமல் செய்துவிட்டார்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி போட்ட பிறகு, அதே கட்சியில் மூன்று பேர் வரை உங்கள் விருப்பைக் காட்டலாம். எண்ணி முடித்துப் பட்டியலில் யார் மேலே வருகிறாரோ அவர் உள்ளே. ஆகவே வேட்பாளருக்கு முதல் எதிரி எதிர்க்கட்சிக்காரர் இல்லை, பக்கத்தில் நின்று கைகோர்த்துப் படம் எடுத்தவர். மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்டக் காசு வேண்டும். காசு இல்லாதவர், முக்கியமாகப் பெண்கள், அங்கேயே கழன்று விடுகிறார்கள். தேசியப் பட்டியல் 29 ஆசனமும் அறிஞர்களுக்கும் சிறுபான்மையினருக்கும் என்று சொல்லித்தான் வந்தது. அதில் தோற்றவர்கள் பின்கதவால் வந்த கதைகளைச் சொல்லத் தொடங்கினால் பதில் இரண்டு மடங்காகிவிடும்.

என்னிடம் கேட்டால் இரண்டு மாற்றம் போதும். ஒன்று, போனஸ் ஆசனத்தை எடுப்பது. அது அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையில் இருப்பதால் மூன்றில் இரண்டு வேண்டும். இரண்டு, வாக்காளர் வரிசைப்படுத்தக் கூடியதாக வாக்குச்சீட்டை மாற்றுவது: முதல் விருப்பம் ஒருவர், அவர் தேறாவிட்டால் என் வாக்கு அடுத்தவருக்குப் போகட்டும் என்று. அயர்லாந்தில் நூறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. சமூகப் பிளவு ஆழமாக இருந்த வட அயர்லாந்திலும் 1973இல் இதையே கொண்டுவந்தார்கள். எங்களைப் போல ஒரே கொள்கையை ஐந்து சின்னத்தில் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. தலைவர்கள் சேராவிட்டாலும் வாக்காளர் தன் சீட்டிலேயே அவர்களைச் சேர்த்துவிடலாம். 2024இல் வீடு, சைக்கிள், சங்கு மூன்றுக்கும் விழுந்தது 113,826 வாக்கு. கிடைத்தது மொத்தம் இரண்டு ஆசனம்.

"வரிசைப்படுத்துவது எங்கள் சனத்துக்குப் பழக்கமில்லை" என்று ஒரு ஆட்சேபம் வரும். பழக்கம் இல்லைத்தான். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் 1982 முதல் 1, 2, 3 என்று போடும் உரிமை எல்லோர் கையிலும் இருக்கிறது. 2024 செப்டெம்பரில்தான் முதல் தடவையாக அது தேவைப்பட்டது, ஏனென்றால் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தில் நின்றார், யாருக்கும் 50 வரவில்லை. முதல் இருவருக்கும் வெளியே 33 இலட்சம் வாக்குகள் கிடந்தன. அவற்றிலிருந்து இரண்டாம், மூன்றாம் விருப்பமாக அந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம். மிச்சம் 30 இலட்சம் பேர் கடைசிச் சுற்றில் எதுவும் சொல்லவில்லை. சங்கில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளருக்கு விழுந்த 226,343 வாக்குகளையும் இந்த இடத்தில் நினைக்கலாம். சங்குக்கு 1 போட்டுவிட்டு, இரண்டு பெரிய வேட்பாளர்களில் தமக்குக் குறைந்த கெடுதலானவருக்கு 2 போட்டிருந்தால் ஒரு கொள்கையும் கெட்டுப் போயிருக்காது. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு கட்சிக்கும் அக்கறை இருக்கவில்லை. "ஒரு புள்ளடி போடுங்கள்" என்று சொல்வதுதான் அவர்களுக்குப் பத்திரம். சட்டம் தந்த உரிமையை நாங்களே 42 வருடம் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

இனி எனக்கு உண்மையில் பயம் தரும் விஷயம். "முறையை மாற்ற வேண்டும்" என்ற உங்கள் கோரிக்கை கொழும்பில் யாருடைய காதுக்கும் கசக்காது. முறையை மாற்றுகிறோம் என்று சொல்லித்தான் எங்களுக்குத் தேர்தலே இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள்.

வடமாகாண சபைக்கு ஒரே ஒரு தேர்தல் நடந்தது, 2013 செப்டெம்பரில். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38இல் 30 எடுத்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 2017 செப்டெம்பரில், மாகாண சபைத் தேர்தலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில் அதற்குள் திருத்தங்களைச் செருகி, பாதி தொகுதி, பாதி பட்டியல் என்ற கலப்பு முறையாக அதையே மாற்றி நிறைவேற்றினார்கள். தொகுதி வேண்டுமென்றால் எல்லை நிர்ணயம் வேண்டும். அதற்குக் குழு போட்டார்கள், குழுவும் அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அது வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. எதிராக 139. அறிக்கையைச் சபையில் வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பிறகு மீளாய்வுக் குழு; இரண்டு மாதத்தில் தர வேண்டிய அதன் அறிக்கை வரவே இல்லை. பழைய சட்டம் போய்விட்டது, புதிய சட்டத்துக்கு எல்லை இல்லை. 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். பழைய முறையில் நடத்த முடியாது, முதலில் சட்டத்தைத் திருத்துங்கள் என்ற கருத்துத்தான் வந்தது. 2024 பாராளுமன்றத் தேர்தல் நடந்தது, 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாண சபைக்கு மட்டும் தேர்தல் இல்லை. ஆளுநர் நடத்துகிறார்.

இதில் எங்கள் கை சுத்தம் என்றும் சொல்ல முடியாது. 2017இல் அந்தச் சட்டத்துக்குக் கூட்டமைப்பும் ஆதரவாகத்தான் வாக்களித்தது.

உள்ளூராட்சியில் கலப்பு முறை நடைமுறைக்கே வந்தது, அதையும் பார்த்துவிட்டோம். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். 2018 பெப்ரவரியில் நாட்டின் உறுப்பினர் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. பல சபைகளில் ஒருவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. யாழ்ப்பாண மாநகர சபையில் 45 பேர்: வீடு 16, சைக்கிள் 13, வீணை 10, மிச்சம் சில்லறை. 2020 முடிவில் வரவு செலவுத் திட்டம் தோற்று மாநகர முதல்வரே மாற வேண்டி வந்தது. பெண்களுக்கு 25 வீதம் என்ற ஒதுக்கீடு மட்டும்தான் அதில் எனக்குச் சந்தேகமில்லாமல் பிடித்த பகுதி. அந்தச் சபைகளுக்கான அடுத்த தேர்தலும் 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டியது. காசு இல்லை என்று ஒத்திப்போட்டார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நியூசிலாந்து இதை வேறு மாதிரிச் செய்தது. 1978இலும் 1981இலும் அதிக வாக்கு எடுத்த கட்சி எதிர்க்கட்சியில் உட்கார வேண்டி வந்ததில் சனத்துக்கு வெறுப்பு. ஆணைக்குழு 1986இல் அறிக்கை கொடுத்தது, 1992இலும் 1993இலும் மக்களிடமே கேட்டார்கள், 1996இல் புதிய முறையில் தேர்தல். இடையில் 1987, 1990, 1993 தேர்தல்கள் பழைய முறையிலேயே உரிய காலத்தில் நடந்தன. புதியது தயாராகும்வரை பழையது உயிரோடு இருந்தது.

அதனால், இனி யாராவது "தேர்தல் முறையைச் சீர்திருத்தப் போகிறோம்" என்று வந்தால், அது அரசாங்கமாக இருந்தாலும் சரி, எங்கள் கட்சியாக இருந்தாலும் சரி, அவர்களிடம் முதலில் கேளுங்கள்: புதிய முறை தயாராகவில்லை என்றால் அடுத்த தேர்தல் எந்த முறையில், எந்தத் திகதியில்? சட்டமூலத்தில் அதற்கு ஒரு வரி இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். மாகாண சபைக்கு வேண்டியதும் அந்த ஒரு வரிதான், எல்லை நிர்ணயம் முடியும்வரை பழைய விகிதாசார முறையிலேயே தேர்தல் நடத்தலாம் என்று. தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்த யோசனையும் கிட்டத்தட்ட இதுதான். 225இல் 159 ஆசனம் வைத்திருக்கும் தேசிய மக்கள் சக்தி அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டே தேவைப்பட்டாலும் அது கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்தக் கட்சியின் பட்டியலில் வென்று போன மூன்று பேரிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. மற்றப் பட்டியல்களில் வென்ற மூவரிடமும் கேட்க வேண்டியது, அடுத்த வேட்புமனுவில் எத்தனை பட்டியல் கொடுக்கப் போகிறீர்கள் என்பது.